ஏறின இடம்

எங்கள் மீன்பிடி ஊரான கர்லூ ஹார்பரில் ஒருவர் ரோட்டோரமாக நடந்து போகிறார் என்றால் இரண்டே காரணம்தான். ஒன்று, வண்டி பழுதாகியிருக்க வேண்டும். இல்லையென்றால் பெண்டாட்டி வீட்டை விட்டுத் துரத்தியிருக்க வேண்டும். எதுவானாலும் பின்னால் வருகிற வண்டிக்காரன் நிறுத்திக் கதவைத் திறந்துவிடுவான். நடந்தவர் ஏறிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சொன்னால், உன் வண்டியில் ஏறுகிற அளவுக்கு எனக்கு ஒன்றும் கேடு வந்துவிடவில்லை என்று அர்த்தம். அதை அவன் மறக்க மாட்டான், அவன் மகனும் மறக்க மாட்டான்.

முன்பு இருந்த பாதிரியார் உடம்பு இளைக்க வேண்டும் என்று காலையில் நடக்கத் தொடங்கினார். நகரத்திலிருந்து வந்தவர், பாவம், அவருக்கு என்ன தெரியும்? நிறுத்தின வண்டிக்கெல்லாம் சிரித்துக் கைகாட்டி, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாதி பெஞ்சு காலி. அப்புறம் நின்ற இடத்திலேயே ஓடுகிற மிஷின் ஒன்றை வரவழைத்துப் பங்கு வீட்டு நிலவறையில் போட்டுக்கொண்டார். ஊரும் அவரை மன்னித்துவிட்டது.

நான் டொரீன். இந்தக் கரையோரத்துப் பள்ளிக்கூடப் பஸ்ஸை ஓட்டுகிறவள். உட்கார்ந்தே சம்பாதித்து உட்கார்ந்தே பெருத்த உடம்பு என்னுடையது, அதனால் மற்றவர்களைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் சொல்வேன். எனக்கு எதிர்வீடு ஆம்ப்ரோஸ் கரீனும் அவன் மனைவி ஹனோராவும். நடுவில் ரோடு. எங்கள் இரண்டு கேட்டையும் தாண்டியதும் அந்த ரோடு மேடேறத் தொடங்கி மாதா கோயில் வரைக்கும் போகிறது. என் சமையலறை ஜன்னலிலிருந்தும் சரி, ஹனோராவின் சமையலறை ஜன்னலிலிருந்தும் சரி, மூடுபனி இல்லாத நாளில் அந்த மேடு முழுவதும் தெரியும். பனி இல்லாத நாள் எங்களுக்கு எப்போதாவது வரும்.

ஆம்ப்ரோஸ் நண்டு ஆலையில் வேலை பார்த்தவன். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, ஈரச் சிமெண்டுத் தரையில், கொதிநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற ஆள். பெரிய உடம்பு, சின்னக் குரல். ஒரு வருடமாகவே அவனுக்கு வலது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரம் நடந்தால் யாரோ கையால் முறுக்குகிற மாதிரி இருக்கும், நின்றால் விட்டுவிடும். பூட்ஸ்தான் காரணம் என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தான். நகரத்து ஆஸ்பத்திரியில் பார்த்தபோது காலுக்குப் போகிற ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது என்றார்கள். வசந்தத்தில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்து, அதுவரைக்கும் சிகரெட்டை விடு, தினமும் நட என்று அனுப்பினார்கள்.

சிகரெட்டை விட்டுவிட்டான். அதுதான் ஆச்சரியம். நடக்கத்தான் முடியவில்லை.

முயற்சி செய்யவில்லை என்று சொல்ல முடியாது. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் காலையில் கேட்டைத் திறந்துகொண்டு கிளம்பினான். என் தபால் பெட்டியைத் தாண்டியிருக்க மாட்டான், டெர்மட் கோடியின் டிரக் வந்து நின்றது. டெர்மட் அவனுடைய சிநேகிதன், ஆலையில் எதிரெதிர் நின்று வேலை பார்த்தவர்கள், ஒரே சிகரெட்டைப் பாதி பாதி இழுத்தவர்கள். டெர்மட் கதவைத் திறந்தான், ஆம்ப்ரோஸ் ஏறினான். இருவரும் படகுத்துறைக்குப் போய் டிரக்கை நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்து கடலைப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மறுநாள் வேறொரு வண்டி. அதற்கு மறுநாள் ஆலையின் மேஸ்திரி. அந்த வாரக் கடைசிக்குள் ஊரில் இரண்டு கதைகள் உலவின. குடித்துவிட்டு ஓட்டினதற்குப் போலீஸ் ஆம்ப்ரோஸின் லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டது என்பது ஒன்று. ஹனோரா அவனைப் பகலில் வீட்டுக்குள் விடுவதில்லை என்பது இன்னொன்று. மேட்டுத் தெரு செலஸ்டின் ஒரு சட்டி பட்டாணி சூப்பைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, ராத்திரியாவது உள்ளே விடுகிறாளா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

ஹனோரா முதலில் சிரித்தாள், அப்புறம் கோபப்பட்டாள். அவனோ நடப்பதையே விட்டுவிட்டான்.

"நடக்கிறதுக்கு ஒரு காரணம் வேணும் ஹனோரா. சும்மா போயிட்டுச் சும்மா திரும்பி வர்றதுக்கு நான் என்ன பைத்தியமா?"

"கால் போயிடும்ங்கிறது காரணமா தெரியலியா உனக்கு?"

அவனுக்குத் தெரியும். எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவனுடைய அப்பாவுக்கும் இதே வியாதிதான். முட்டிக்கு மேலே எடுத்தார்கள். படகில் நின்றபடியே தூங்கக்கூடிய மனுஷன், மிச்ச வாழ்க்கையை ஜன்னலோரத்தில் உட்கார்ந்தே கழித்தார். நாங்கள் ஸ்கூல் விட்டு வரும்போது கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்குவார். நாங்களும் தூக்குவோம். எனக்கு அந்த ஜன்னலைப் பார்க்கவே பயமாக இருக்கும்.

பிறகு அந்தத் தொற்றுநோய் வந்தது, உலகத்துக்கே வந்தது. மார்ச் மாதத்தில் பள்ளிக்கூடத்தை மூடினார்கள், என் பஸ்ஸைக் கொட்டகையில் நிறுத்தினேன். மாதா கோயிலைப் பூட்டினார்கள். நண்டுக் காலம் தொடங்கவில்லை, படகுகள் கரையிலேயே கிடந்தன. எங்கள் ஊரில் ஒருத்தருக்கும் வரவில்லை என்றாலும் எல்லோரும் பயந்தோம், ஏனென்றால் வந்தால் எல்லோருக்கும் வரும். கடையில் முதலில் தீர்ந்து போனது ஈஸ்ட். எல்லாப் பெண்களும் ரொட்டி சுட ஆரம்பித்துவிட்டார்கள், வேறு என்ன செய்ய?

உடம்பை அசைக்க ஒவ்வொருத்தரும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் கம்ப்யூட்டர் முன்னால் குதித்தாள், அவள் வீட்டுக்குக் கீழே குடியிருந்தவர்கள் நிலநடுக்கம் என்று வெளியே ஓடி வந்தார்கள். ஹனோரா ஃபோனில் செபமாலையைப் போட்டுவிட்டுச் சமையலறை மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். நான் வீட்டு அலமாரியையெல்லாம் நகர்த்தி நகர்த்தித் துடைத்து, முதுகு பிடித்துப் படுத்தேன். ஆண்கள் மட்டும் எப்போதும் போலப் படகுத்துறையில் வண்டிகளை வரிசையாகக் கடலைப் பார்க்க நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். வண்டிக்கு வண்டி இடைவெளி மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. சன்னலை இறக்கிக் கத்திப் பேசினார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் வந்தது அந்த நாட்களில்தான். ஆபரேஷன் தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது, அடுத்த தேதி தெரியாது. பேசினது ஒரு நர்ஸம்மா. ஹனோரா ஸ்பீக்கரில் போட்டிருக்கிறாள். அந்த அம்மா சொன்னதை வாசலில் நின்று ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்த எனக்கு அப்படியே கத்திச் சொன்னாள்.

"வலிக்கிற வரைக்கும் நடக்கணுமாம். வலிச்சா நிக்கணுமாம். விட்டதும் மறுபடி நடக்கணுமாம். பெரிய வழி அடைச்சிருந்தாலும் ரத்தம் சந்து பொந்துல பூந்து புது வழி கண்டுபிடிச்சுக்குமாம். உட்கார்ந்தே இருந்தா பாதத்துல புண்ணு வரும், வந்தா ஆறாது, அப்புறம் எங்களால ஒண்ணும் பண்ண முடியாதுன்னுட்டா டொரீன். பக்கத்துல மேடு ஏதாவது இருக்கான்னு கேட்டா, கோயில் மேட்டச் சொன்னேன். அந்த மேட்டு உச்சிக்கு நின்னு நின்னாவது போற அளவுக்கு வந்துட்டா, காலுக்குப் பயமில்லைங்கிறா."

சொல்லிவிட்டு அழுதாள். ரோட்டைத் தாண்டிப் போய் அவளைப் பிடித்துக்கொள்ளக்கூட எனக்கு அனுமதி இல்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை ஆம்ப்ரோஸ் கிளம்பினான். ரோடே தெரியவில்லை, அப்படி ஒரு மூடுபனி. அவனுடைய சிவப்புக் கம்பளித் தொப்பி மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது, பிறகு அதுவும் கரைந்துவிட்டது. சரளையில் காலடிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு இடத்தில் நின்றது. அதுதான் வலி. நான் கையில் துடைப்பத்தை வைத்துக்கொண்டு காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஒரு வண்டி வந்தது. மஞ்சள் விளக்கு பனிக்குள் ஊறிக்கொண்டு வந்தது. சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, டெர்மட்டின் டிரக். போச்சு, இன்றைக்கும் போச்சு என்று நினைத்தேன். வண்டி நின்றது. கதவு திறக்கிற சத்தம் மட்டும் கேட்கவில்லை.

"ஏத்திக்க முடியாதேடா," என்றான் டெர்மட். அவன் குரலில் இருந்த வெட்கத்தை இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை.

"தெரியும்டா. நீ போ."

"ஒரு வீட்டாளு இன்னொரு வீட்டாள் வண்டியில ஏறக் கூடாதுன்னு ரேடியோவுல சொல்லிட்டாங்க."

"நானும் கேட்டேன். நீ போடா."

"உன்ன நடுரோட்டுல விட்டுட்டு நான் எப்படிடா போவேன்?"

போகவில்லை. ஆம்ப்ரோஸின் கால் விட்டதும் காலடிச் சத்தம் மறுபடி கிளம்பியது. கூடவே டிரக்கின் சத்தமும், நடக்கிற வேகத்திலேயே, அவன் பக்கத்தில். இரண்டு சத்தமும் பனிக்குள் மேலே போய், கொஞ்ச நேரம் கழித்துக் கீழே வந்தன. என்ன பேசிக்கொண்டார்கள் என்று தெரியவில்லை, டெர்மட் சிரித்தது மட்டும் கேட்டது.

அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. ஏற்றிக்கொள்ள முடியாதவர்கள் கூடவே வந்தார்கள். ரோட்டில் நடக்கிறவனைத் தாண்டிப் போக எங்கள் ஊரில் யாருக்கும் கால் வராது, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மனசு வராது. முதலில் டெர்மட் மட்டும், அப்புறம் மேஸ்திரி, அப்புறம் செலஸ்டின் தன் சின்னக் காரில் சன்னலை ஒரு விரல் அகலம் இறக்கிக்கொண்டு. சில நாட்களில் நாலைந்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, முன்விளக்கு எரிய, மெல்ல ஊர்ந்து போகும். நடுவில் சிவப்புத் தொப்பி. ஈஸ்ட் கிடைத்ததா, நண்டுக்குப் படகு எப்போது கிளம்பும், பனிப்பாறை எந்தப் பக்கம் நகர்கிறது என்று பேச்சு நடக்கும். ஆம்ப்ரோஸ் நின்றால் எல்லா வண்டிகளும் நிற்கும். ஏன் நின்றாய் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். எல்லோரும் திரும்பிக் கடலைப் பார்ப்பார்கள். கடல் எங்கே தெரிகிறது, பனிதான் தெரியும். ஆனாலும் அவனுக்கு வலி விடும்வரை பார்த்துக்கொண்டேயிருப்பார்கள்.

அந்த வசந்தம் முழுவதும் எனக்குப் பாதி கனவு மாதிரிதான் ஞாபகம் இருக்கிறது. பஸ் இல்லை, மணி இல்லை, பிள்ளைகள் சத்தம் இல்லை. துறைமுக வாயில் ஒரு பெரிய பனிப்பாறை வந்து தரை தட்டி நின்றுவிட்டது. காலையில் வெள்ளையாக இருக்கும், சாயங்காலம் நீலமாகிவிடும். பனிக்குள் அது இருக்கிறதா இல்லையா என்று தெரியாது, அதிலிருந்து வருகிற குளிர் மட்டும் ஜன்னலோரத்தில் தெரியும். அந்தக் குளிருக்குள் விளக்குகள் வரிசையாக மேடேறுவதைப் பார்த்துக்கொண்டு தேநீரை ஆறவிட்டு நிற்பேன். மாதா திருநாள் ஊர்வலத்தை யாரோ தண்ணீருக்கு அடியில் நடத்துகிற மாதிரி இருக்கும். செத்தவர்கள் யாரும் இல்லாத ஊர்வலம் அது. அதுவரை நான் பார்த்த வண்டி ஊர்வலமெல்லாம் சவப்பெட்டிக்குப் பின்னால் போனவைதான்.

ஒரு நாள் ஆம்ப்ரோஸ் என் கேட்டுக்கு வெளியே நின்று காலை நீவிக்கொண்டிருந்தான். போன வருடம் முடியாதது இப்போது எப்படி முடிகிறது என்று கேட்டேன்.

"அப்ப சும்மா நடந்தேன் டொரீன். இப்ப நான் நடக்கலன்னா இத்தன பேரும் எங்க போவாங்க?"

வலி வருகிற இடம் மெல்ல மெல்ல மேலே போனது. முதலில் என் தபால் பெட்டியிலேயே பிடித்துக்கொண்டது. பிறகு வளைந்த மின்கம்பம். பிறகு டெர்மட்டின் விறகுக் குவியல். அதற்கு மேலேதான் செங்குத்து, அங்கே போனால் மூன்று நான்கு தடவை நின்று, பாதியில் திரும்பிவிடுவான். உச்சிக்கு இன்னும் போகவில்லை. ஹனோரா ராத்திரியில் அவன் பாதத்தை மடியில் வைத்துத் தொட்டுப் பார்ப்பாளாம். குளிர்ச்சி கொஞ்சம் குறைந்திருக்கிற மாதிரி தெரிகிறது என்றாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஏப்ரல் கடைசியில் ரேடியோவில் ஒரு அறிவிப்பு வந்தது. ஒரு வீட்டார் இன்னும் ஒரே ஒரு வீட்டாரோடு சேர்ந்துகொள்ளலாம். ஒன்றாகச் சாப்பிடலாம், கட்டிப்பிடிக்கலாம், ஒரே வண்டியில் போகலாம். ஆனால் ஒரே ஒரு வீடுதான், மாற்றிக்கொள்ளக் கூடாது. அடேயப்பா, ஊரில் என்ன மனஸ்தாபம்! அக்கா தங்கைகள் பேச்சு நின்றது, பிள்ளைகள் மாமியார் வீட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் என் தங்கை வீட்டோடு சேர்ந்துகொண்டேன், அவள் அலுத்துக்கொண்டே சம்மதித்தாள். ஹனோராவின் மகள் நகரத்தில் இருக்கிறாள், கைக்குழந்தைக்காரி. கணவனின் பெற்றோரைத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று ஃபோனில் சொல்லி அழுதாளாம். ஹனோரா அவளைச் சமாதானப்படுத்திவிட்டு, ஃபோனை வைத்தபின் தான் அழுதாள்.

மிஞ்சியது டெர்மட். அம்மா போனபிறகு தனிக்கட்டை. மார்ச்சிலிருந்து அவன் இன்னொருவர் வீட்டுக்குள் கால் வைத்ததில்லை, டின்னில் அடைத்த பீன்ஸைச் சூடுபண்ணிக்கூடச் சாப்பிடாமல் அப்படியே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஆம்ப்ரோஸுக்கு அவனைத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். வாய் திறந்து கேட்கவில்லை, ஆனால் சாப்பாட்டு மேசையில் மூன்றாவது நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்றாள் ஹனோரா. அவளுக்குத்தான் கிலி. துணி காயப்போட வந்தவள் கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கொட்டித் தீர்த்தாள்.

"டெர்மட் நல்லவன்தான், யாரு இல்லன்னா? ஆனா அவன் நம்ம வீட்டாளாயிட்டா அவன் வண்டியில ஏறலாம் டொரீன். ஏத்தாம இருப்பானா அவன்? கேட்டா இவன் மாட்டேம்பானா? ஒரு நாள் ஏறினான்னா அவ்வளவுதான், மறுநாள் வாசல்ல நின்னு வண்டிக்குக் காத்துக்கிட்டிருப்பான். பாதி மேடு ஏறியாச்சு. பாதி மேட்டுல விட்டா கால் போச்சு."

"அப்ப வேணாம்னு சொல்லிடேன்."

"எப்படிச் சொல்றது? பீன்ஸ பச்சையா திங்கறான்."

கடைசியில் அவளே டெர்மட்டின் கேட்டுக்குப் போய் நின்று கூப்பிட்டாள். ஒரே நிபந்தனை போட்டாள். மேட்டில் ஆம்ப்ரோஸைப் பார்த்தால் ஏற்றிக்கொள்ள வண்டியை நிறுத்தக் கூடாது, முன்பு போலக் கூடவே உருட்டிக்கொண்டு வரலாம், கதவை மட்டும் திறக்கக் கூடாது. டெர்மட் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்து, செத்துப்போன அவன் அம்மாமீது சத்தியம் செய்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் தலைவாரி, சட்டைக்காலர் வரை பொத்தான் போட்டுக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்ததை நான் பார்த்தேன். உப்பிட்ட மாட்டிறைச்சியோடு முட்டைக்கோசும் டர்னிப்பும் உருளைக்கிழங்கும் ஒரே பானையில் வெந்த வாசனை என் வீடு வரை வந்தது. முதல் வாய் முட்டைக்கோசை வைத்ததும் டெர்மட் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதானாம். ஆம்ப்ரோஸ் அவன் தட்டில் இன்னொரு துண்டு இறைச்சியை வைத்தானாம். இதைச் சொல்லும்போது ஹனோரா தன் பயத்தையே மறந்திருந்தாள்.

சில நாள் டெர்மட் சத்தியத்தைக் காப்பாற்றினான். அதற்குப் பிறகு நண்டுப் படகுகள் கிளம்பிவிட்டன. மேஸ்திரி ஆலைக்குப் போனார், மற்றவர்களும் போனார்கள், செலஸ்டின் ஆலைக்காரர்களுக்கு ரொட்டி சுடத் தொடங்கினாள். மேட்டில் வண்டிகள் குறைந்தன. டெர்மட்டும் காலை வேலைக்குப் போய்விட்டான். ஆம்ப்ரோஸ் தனியாக நடந்தான். தனியாக நடக்கிறவன் சீக்கிரம் திரும்பிவிடுகிறான் என்பதை நானும் ஹனோராவும் கவனித்தோம், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

அன்றைக்குக் காற்று கிழக்கிலிருந்து வந்தது. பனி விலகி, அதற்குப் பதிலாக மழை. ஊசி ஊசியாகச் சாய்வாகப் பெய்கிற மழை, முகத்தில் பட்டால் எரியும். ஹனோரா வேண்டாம் என்றாளா, போ என்றாளா தெரியாது. ஆம்ப்ரோஸ் எண்ணெய்த்துணிக் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். நான் வாசல் குழாயடியில் வாளியை அலசிக்கொண்டிருந்தேன். தபால் பெட்டியைத் தாண்டினான், கம்பத்தைத் தாண்டினான், விறகுக் குவியலில் நிற்கவேயில்லை. எனக்கு வாளி நிரம்பி வழிந்தது தெரியவில்லை. செங்குத்தில் ஏறி, எப்போதும் திரும்புகிற இடத்துக்கு வந்ததும் நின்றான். குனிந்து முட்டியைப் பிடித்துக்கொண்டான். மழை அவன் முதுகில் அடித்தது. அதற்கு மேல் ஒரு எட்டு வைக்க அவனால் முடியாது என்று இங்கிருந்தே தெரிந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் ஹனோரா நின்றுகொண்டிருந்தாள்.

ஆலையில் முதல் ஷிப்டு முடிந்து டெர்மட்டின் டிரக் வந்தது. என்னைத் தாண்டும்போது அவன் முகத்தைப் பார்த்தேன். மேலேயே பார்த்துக்கொண்டிருந்தான். மெதுவாகப் போனான், விறகுக் குவியல் வரை உருட்டிக்கொண்டுதான் போனான். பிறகு ஆம்ப்ரோஸுக்குப் பக்கத்தில் போனதும் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது.

கதவு திறந்தது.

அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மழையில், அந்த நிலையில், சொந்த வீட்டு ஆளாகிவிட்ட சிநேகிதனைத் தாண்டிப் போக எங்கள் ஊர்க்காரனால் முடியாது. செத்துப்போன அம்மாவே வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாலும், நிறுத்துடா என்றுதான் சொல்லியிருப்பாள்.

ஆம்ப்ரோஸ் திறந்த கதவைப் பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம்தான். அப்புறம் கையை நீட்டி, கைப்பிடியைப் பிடித்து, ஏறி உட்கார்ந்தான். கதவு மூடியது. டிரக் மேடேறி, மாதா கோயில் முன்னால் திரும்பி, மழைக்குள் மறைந்துவிட்டது.

ஹனோரா வாசலுக்கு வந்தாள். கை முழுக்க ரொட்டி மாவு. மழையில் அது கரைந்து விரல் நுனியில் சொட்டியது. அவள் அழவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"ஏறிட்டான்," என்றாள்.

"மழைடி. இன்னைக்கு ஒரு நாள்தானே."

"இன்னைக்கு மழை. நாளைக்குக் காத்து. நாளான்னைக்கு கால் வலி." ஏப்ரனில் கையைத் துடைக்கப் போனாள், அதைக் கட்டவில்லை என்று தெரிந்து பாவாடையிலேயே துடைத்தாள். "அவங்கப்பாவோட நாற்காலி மேல மச்சுல கெடக்கு டொரீன். இவன விட்டே எறக்கச் சொல்லணும். கால் இருக்கிறப்பவே."

நான் வேலியைத் தாண்டி ரோட்டுக்கே வந்துவிட்டேன். எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு நினைவில்லை. இத்தனை வருடம் இத்தனை பிள்ளைகளை ஏற்றி இறக்கின எனக்கு, அந்த நிமிஷம் வண்டி என்கிற சாதனத்தின் மேலேயே வெறுப்பாக இருந்தது.

அப்போதுதான் மேலே விளக்கு தெரிந்தது. டிரக் திரும்பி வந்துகொண்டிருந்தது. வீட்டுக்கு வருகிறான், சூடாகத் தேநீர் கேட்பான், அவ்வளவுதான் என்று நினைத்தேன். ஆனால் அது வீடு வரை வரவில்லை. செங்குத்தில், அவன் ஏறின அதே இடத்தில் நின்றது. இந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. ஆம்ப்ரோஸ் கால் ஒவ்வொன்றாக வைத்து இறங்கினான். டிரக்கின் கூரையை இரண்டு தட்டுத் தட்டினான்.

உள்ளே என்ன நடந்தது என்று டெர்மட் பிற்பாடு படகுத்துறையில் சன்னலை இறக்கி எல்லோருக்கும் சொன்னான், அப்படித்தான் எங்களுக்கும் தெரிந்தது. கோயில் வாசலில் வண்டி நின்றதும் ஆம்ப்ரோஸ் நன்றி சொல்லியிருக்கிறான். முறையாக, அந்நியனுக்குச் சொல்கிற மாதிரி. டெர்மட்டுக்கு அதுவே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"நீ நிறுத்தின, நான் ஏறிட்டேன். உன் மரியாதைக்கு ஒரு கொறையும் வைக்கல, வச்சேனா?"

"இல்லடா."

"அப்ப ஏறின எடத்துலயே கொண்டுபோய் எறக்கி விடு."

டெர்மட்டுக்குப் புரியவில்லை. மழை பெய்கிறதே என்று சொல்லியிருக்கிறான். ஆம்ப்ரோஸ் சீட் பெல்ட்டை மறுபடி மாட்டிக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டானாம்.

"மேல வந்தது உன் வண்டிடா, நான் இல்ல. நான் இன்னும் அங்கதான் நிக்கறேன்."

இதெல்லாம் அப்போது எங்களுக்குத் தெரியாது. நாங்கள் பார்த்தது இதுதான். டிரக் கொஞ்சம் பின்னால் நகர்ந்து, திரும்பி, முன்விளக்கை மேட்டின் மேல் அடித்து நின்றது. அந்த வெளிச்சத்துக்குள் ஆம்ப்ரோஸ் மேலே பார்த்து நடக்கத் தொடங்கினான். கொஞ்சம் போய் நின்றான். டிரக்கும் நின்றது. மறுபடி நடந்தான். மழை வெளிச்சத்தில் வெள்ளி வெள்ளியாக விழுந்தது, அவன் அதற்குள் சாய்ந்து சாய்ந்து, ஒரு காலை இழுத்து, ஏறிக்கொண்டேயிருந்தான். எப்போதும் திரும்புகிற இடம் அவனுக்குக் கீழே போய்விட்டது. நான் அதை ஹனோராவிடம் சொல்லத் திரும்பினேன், அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயில் படிக்கட்டின் அடியில் அவன் வந்து நின்றபோது நான் என்னையறியாமல் கையைத் தூக்கிவிட்டேன். ஹனோரா பாய்ந்து வந்து, மாவு ஒட்டின கையால் என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். மார்ச்சுக்கு அப்புறம் அவள் என்னைத் தொட்டது அப்போதுதான்.

"ஆட்டாதடி," என்றாள். "பாத்துட்டா மரியாதைக்காக எறங்கி வந்துடுவான். இன்னும் படி இருக்கு."